மூக்குக்குத் தெரியாதது

எங்க மூக்கை ஏமாத்த முடியாதுன்னு இருந்தோம்.

காசிமேட்டுல பொறந்த மூக்கு.
நேத்து வஞ்சிரமா, முந்தாநாள் வஞ்சிரமா,
செவுளைத் தூக்கிப் பாக்காமலே சொல்லும்.
காத்து மணலி பக்கமிருந்து வந்தா அழுகின முட்டை,
மேக்கே குப்பைமேடு எரிஞ்சா ரப்பர்.
ஐஸ் பேக்டரி பைப்புல அமோனியா கசிஞ்ச அன்னிக்கு
சைரன் ஊதறதுக்கு முன்னாடியே
முந்தானையை நனைச்சு மூக்குல வெச்சுக்கினு
தெருவே ஓடுச்சு.

மார்கழி.
புயல் கரையைத் தாண்டி ரெண்டு நாள் ஆச்சு,
மழை மட்டும் வீட்டுக்குப் போகாம நிக்குது.
மைனஸ் பதினெட்டுல எறா பெட்டி ஏத்தி முடிக்க
ராத்திரி ரெண்டரை.
பத்து விரலும் யாரோடதோ மாதிரி தொங்குச்சு.

எங்களுக்குன்னு விட்ட ரூம் பழைய ஜெனரேட்டர் ரூம்.
ஜெனரேட்டரை எப்பவோ வித்துட்டாங்க,
ஓட்டையை மட்டும் விக்க முடியல.
அதுல சாரல் அடிக்குதுன்னு மல்லேஸ்வரி கோணி அடைச்சா.
கதவடியில ஈரத் துண்டு.
இஸ்திரிக் கடைக்காரரு விட்டுட்டுப் போன கரி அரை மூட்டை,
ஒரு பெயிண்ட் டப்பா.

வெளியில வெச்சுத்தான் பத்தவெச்சோம்,
நாங்க ஒண்ணும் முட்டாளில்ல.
புகை பூரா போயி, கரி செவந்து
மேல வெள்ளையா சாம்பல் பூத்தப்புறம்தான்
உள்ள எடுத்துக்கினு போனோம்.
புகை இல்லேன்னா பயம் இல்ல.
அப்படித்தான் கணக்கு.

மொதல்ல விரல் திரும்பி வந்துச்சு.
ஜெசிந்தா மூஞ்சி செவந்து
கல்யாணப் பொண்ணாட்டம் இருந்தா.
பல்கிஸ் தலை வலிக்குதுன்னா,
ஒரு டீ குடிச்சா சரியாப்பூடும்னோம்.
வேதவல்லி ஓரமா வாந்தியெடுத்தா,
“இன்னாடி, எத்தினி மாசம்?”னு சிரிச்சோம்.
சிரிப்பு ரொம்ப நேரம் எடுத்துச்சு முடிய.

போன் அடிச்சுது. என் பையன்.
உள்ள டவர் கெடையாது, பாதியில அறுந்துபோச்சு.
எழுந்தேன், முட்டி எழுந்திருக்கல.
செவுத்தைப் புடிச்சுக்கினு வெளிய வந்து
மழையில நின்னு திருப்பிப் போட்டேன்.
“ம்மா, நாளைக்கு ஸ்கூல் லீவான்னு டிவில சொன்னாங்களா?”
அவ்ளோதான் கேட்டான்.
அந்த நேரத்துல திட்டலாம்னு வாயைத் தொறந்தா
காத்து உள்ள போச்சு,
அப்பத்தான் தெரிஞ்சுது
இத்தினி நேரமா அது போகலைன்னு.

திரும்பி வந்து தள்ளினேன், கதவு நகரல.
எனக்குப் பின்னாடி, குளிருதுன்னு
யாரோ தாழ்ப்பாள் போட்டிருக்காங்க.
தட்டினேன்.
மல்லேஸ்வரி தூக்கத்துல கூட பதில் பேசுவா.
அன்னிக்குப் பேசல.

லாரி டிரைவர் தேவசகாயமும் நானும்
மீன் தள்ளுற டிராலியால இடிச்சோம்.
நாலாவது இடில தாழ்ப்பாள் பேந்துச்சு.
ஒவ்வொருத்தியா மழையில இழுத்துப் போட்டோம்,
பெட்டி எறக்குற மாதிரி, கால் ரெண்டையும் புடிச்சு.

ஸ்டான்லில சின்ன டாக்டரம்மா சொல்லிச்சு:
கரி மூச்சு முட்டி எரிஞ்சா வர்றது அது.
நெறம் கெடையாது, வாசனை கெடையாது.
ரத்தத்துல காத்து உக்கார்ற சீட்டுல
துண்டைப் போட்டு எடம் புடிச்சுக்கும்,
அப்பால எழுந்திருக்காது.
புகை போச்சேன்னேன்.
புகைதாம்மா போச்சுன்னிச்சு.

நாலு பேரும் பொழைச்சுக்கினாங்க.
வேதவல்லி மட்டும்,
ஐநூறு பெட்டியை வாயாலயே எண்ணுனவ,
இப்ப பதினேழுகிட்ட வந்து நிக்கிறா.
நான் பதினெட்டுன்னு எடுத்துக் குடுப்பேன்.
நன்றி சொல்லமாட்டா, மொறைப்பா.

கம்பெனி ஒரு போர்டு மாட்டிச்சு:
‘இங்கு தீ மூட்டக் கூடாது.’
குளிருக்கு இன்னா பண்றதுன்னு
அதுல எழுத எடம் பத்தல.

தேவசகாயம் கடப்பாரையால
அந்த ஓட்டைக்குப் பக்கத்துல இன்னும் மூணு செங்கல் பேத்துக் குடுத்தாரு.
இப்ப ராத்திரி ஒண்டிக்கினு குந்துறோம்,
ஒரே கம்பளியில ரெண்டு ரெண்டு பேரா.
குளிரு உள்ள வருது.
கூடவே கருவாடு, டீசல், துறைமுகத்துச் சேறு,
மணலி முட்டை.

பல்கிஸ் மூக்கைப் பொத்திக்கினு,
“த்தூ, இன்னா நாத்தம்!”ங்கறா.

நல்லா இழுத்து வுடு,
பல்கிஸு.